துத்தநாக வெள்ளையும் அடுக்குப் பிரிவும்: ஃபிரான்ஸ் கிளைனின் ஓவியங்களை முன்வைத்து

அமெரிக்க அருவ ஓவியர் ஃபிரான்ஸ் கிளைனின் 1950களின் ஓவியங்கள் சிலவற்றில் வண்ணம் விரிசலுற்றுப் பெயர்வதற்கு, வீட்டுச் சுவர்ப்பூச்சைக் கையாண்ட அவரது அலட்சியமே காரணம் என்பது எளிதில் வழங்கப்படும் தீர்ப்பு. பூச்சின் வேதியியல் அதற்கு முழுமையாகத் துணைநிற்கவில்லை. வாஷிங்டன் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்திலுள்ள அக்கால ஓவியங்கள் சிலவற்றை ஆய்ந்தோர், துத்தநாக ஆக்சைடு கலந்த அடியடுக்குகளையே இச்சிதைவுடன் தொடர்புபடுத்தியுள்ளனர். ஈயவெள்ளையின் நச்சு இல்லாதது, கருக்காதது என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து பரிந்துரைக்கப்பட்டு வந்த நிறமி இது. எண்ணெயின் கொழுப்பு அமிலங்களுடன் வினைபுரிந்து இது துத்தநாகச் சோப்புகளை உருவாக்குகிறது. அடுக்கு சில ஆண்டுகளிலேயே நொறுங்கும் இயல்பை அடைகிறது. ஈரப்பதத்திற்கேற்பக் கித்தான் விரிந்து சுருங்கும்போது, தான் பழுதின்றி இருந்தும் மேலடுக்கு பிடிமானத்தை இழக்கிறது. ஓவியர்களுக்கென்றே விற்கப்பட்ட டைட்டானிய வெள்ளைகள் பலவற்றிலும் துத்தநாகம் கலந்திருந்தது. உயர்விலை வண்ணம் வாங்கியவர் தப்பினார் எனக் கொள்வதற்கில்லை.

கிளைனைப் பொறுத்தவரை இழப்பு இன்னும் கடுமையானது. அவரது வெள்ளையைப் பின்புலமாகக் காண்பது பிழை. கறுப்பின்மேல் ஏறி அதன் விளிம்பை வெட்டி அமைப்பது அவ்வெள்ளையே. விளிம்பருகே பெயர்ந்த இடத்தை நிரப்பும் சீரமைப்பாளர், பழைய ஒளிப்படச் சான்று இல்லையேல், கோட்டின் போக்கைத் தாமே முடிவுசெய்ய நேர்கிறது.