ஒற்றைக்கொம்பும் துணைக்காலும்

கொல்லயில் என்ற எங்கள் பஞ்சாயத்தின் பெயரில் முதல் எழுத்திலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ‘கொ’ என்பதைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக்குறி ஒன்றை வைக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். யுனிகோடு இரண்டும் சமம் என்கிறது. திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

தனுவச்சபுரத்தில் படிக்கிற தம்பி ஒருவன் ஒரு நாள் மடிக்கணினியோடு வந்தான். ஊர்ப் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் காட்டும் சின்னச் செயலி. யாரோ எழுதிவிட்டுப் போன நிரல், இப்போது அவன் கையில். “அண்ணே, பேரு கண்ணு முன்னால நிக்குது. தேடுனா இல்லைங்குது” என்றான். கிரெப் என்ற தேடல் கட்டளையில் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்து காட்டினான். ஒரு வரியும் வரவில்லை.

எனக்கு அந்த வெற்றுத் திரை பிடித்திருந்தது. கிரெப் யூகிக்காது, கொடுத்த பைட்டுகளைக் கோப்பின் பைட்டுகளோடு ஒப்பிடும், அவ்வளவுதான். ஒகரக்குறிக்கு மூன்று பைட்டு, கொம்புக்கும் காலுக்கும் சேர்த்து ஆறு. இரண்டும் ஒன்றில்லை என்று அது நேர்மையாகச் சொன்னது. 1973-இல் கென் தாம்சன் யூனிக்ஸின் ‘எட்’ எடிட்டரிலிருந்து அந்தத் தேடலை மட்டும் பிரித்துத் தனி நிரலாக்கினார். பெயரே அந்த எடிட்டரின் கட்டளையிலிருந்து வந்ததுதான். தெரியாத நிரலுக்குள் நுழைகிறவனுக்கு நான் முதலில் கொடுப்பது இன்றும் இதைத்தான். திரையில் தெரியும் ஒரு பிழைச் செய்தியை எடுத்து, அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று கேட்டால் போதும், வாசல் கிடைத்துவிடும்.

வாசல் தாண்டினால் வேறு கருவிகள் வேண்டும். லினக்ஸ் கெர்னலில் கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ சிஸ்டம் கால் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க ‘சிஸ்_ஓப்பன்’ என்று தேடினால், அறிவிப்புகள் வரும், அதைக் குறிப்பிடும் வரிகள் வரும். அதன் உடல் வராது. ஏனென்றால் அந்தப் பெயர் அங்கே முழுதாக எழுதப்படவே இல்லை. ‘சிஸ்கால்_டிஃபைன்3’ என்ற மேக்ரோவுக்குள் ‘ஓப்பன்’ என்று மட்டும் இருக்கும். ‘சிஸ்_’ என்பதை ஒட்டவைப்பது மேக்ரோவின் வேலை. கெர்னலோடு வரும் ‘டேக்ஸ்’ என்ற சிறிய ஷெல் நிரலைத் திறந்து பாருங்கள். இந்த மேக்ரோவைக் கண்டால் பெயரின் முன்னால் ‘சிஸ்_’ சேர்த்து அட்டவணையில் எழுது என்று ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் இருக்கும். அந்த நிரலுக்குள் பலநாள் புழங்கிய ஒருவர், பின்னால் வருகிறவன் எங்கே முட்டுவான் என்று தெரிந்து எழுதிவைத்த வரி. எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு அலுக்காது.

ஆனால் என் மனம் நின்றது சிஸ்கோப்பில். பெல் ஆய்வகத்தில் ஜோ ஸ்டெஃபன் எழுதியது. பிடிபி-11 காலத்துக் கருவி. 2000 ஏப்ரலில்தான் பிஎஸ்டி உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கறுப்புத் திரையின் அடியில் சில கேள்விகள் வரிசையாக நிற்கும்: இந்த ஃபங்ஷன் யாரை அழைக்கிறது, இதை யார் அழைக்கிறார்கள், இந்தக் கோப்பை எவை சேர்த்துக்கொள்கின்றன. ஒரு நிரலாளர் நாள் முழுக்கத் தனக்குள் கேட்டுக்கொள்கிற கேள்விகள் இவைதாம், வேறில்லை. இன்னொரு பெருமையும் உண்டு. அது நிரலைத் தோராயமாகத்தான் வாசிக்கும். கம்பைல் ஆகாத, பாதி உடைந்த நிரலிலும் பதில் தரும். புதிதாகக் கைக்கு வரும் நிரல் பெரும்பாலும் முதல் நாளே கம்பைல் ஆகாது என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் 2016-இல் கொண்டுவந்த மொழிச் சேவை நெறிமுறைக்குப் பிறகு, கிளாங்டி போன்ற கருவிகள் கம்பைலரின் துல்லியத்தோடு பதில் தருகின்றன. நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஆனால் எப்படிக் கம்பைல் செய்வது என்ற விவரத்தை முதலில் அவற்றுக்கு ஊட்ட வேண்டும்.

இவை எல்லாம் ‘எங்கே’ என்பதைச் சொல்லும். ‘ஏன்’ என்பதற்கு, நிரலில் செய்த மாற்றங்களை ஒவ்வொரு கமிட்டாகப் பதிந்துவைக்கும் கிட்டின் வரலாற்றுக்குள் இறங்க வேண்டும். ‘கிட் லாக்’ கட்டளையோடு ‘-எஸ்’ சேர்த்தால், கொடுத்த சொல்லின் எண்ணிக்கை எந்தெந்த கமிட்டில் கூடியது, குறைந்தது என்று காட்டும். குந்தாலி என்று அதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. கெர்னலில் அந்தக் குந்தாலி 2005 ஏப்ரலில் போய்ப் பாறையில் முட்டும். கிட்டில் கெர்னலின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தம்பியின் கோப்பில் வரலாறு முழுதாக இருந்தது. ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யாமல் கோப்பிலிருந்தே பிரதியெடுத்து ‘-எஸ்’ஸுக்குக் கொடுக்கச் சொன்னேன். ஒரே ஒரு கமிட் வந்தது. தமிழ்ப் பட்டியல் மொத்தமும் ஒரே நாளில் சேர்ந்திருந்தது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது என்று குறிப்பு. அந்தக் காலத்து எழுத்துருக்களில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே தட்டுவார்கள். மாற்றி நிரல் கொம்பை ககரத்துக்குப் பின்னால் நகர்த்தியிருக்கிறது. காலோடு அதைச் சேர்த்து ஒரே குறியாக்க மறந்துவிட்டது.

“அப்ப கோட்டாறு, தொடுவெட்டி எல்லாம்?” என்றான். எல்லாம்தான். மலையாளத்திலும் ஒகரக்குறிக்கு இதே இரட்டை வழி உண்டு என்று சொன்னதும் நான் சொல்லாமலே அந்தப் பட்டியலைத் திறந்து, முதல் பெயரைப் பிரதியெடுத்து, ‘-எஸ்’ தட்டினான்.