பலகைப் படத்தின் பின்புறம்

மதுரைப் பக்கத்துப் பழைய வீட்டுப் பூஜை அறையில் பட்டாபிஷேக ராமரோ வெண்ணெய்க் கிருஷ்ணரோ பலகைப் படமாக இருந்தால், கொஞ்சம் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பலாப் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணத் தூளைப் பசையில் குழைத்துப் பூசி, வழவழவென்று தேய்த்திருப்பார்கள். நகை வரும் இடம் மட்டும் மேடு கட்டியிருக்கும். அதன்மேல் தங்க ரேக்கு, கல். விளக்கொளியில் அந்த மேடுதான் முதலில் மின்னும். என்ன அழகு!

இவ்வகைப் படத்தைத் தஞ்சாவூர் ஓவியம் என்று ஊர்ப்பெயரால் அழைத்தாலும், தஞ்சை, திருச்சியில் ராஜுக்களும் மதுரையில் நாயுடுக்களும் வரைந்தார்கள். இவர்கள் விஜயநகரம் சரிந்தபின் தெற்கே வந்த தெலுங்குக் குடும்பங்கள். படத்தில் வரைந்தவர் கையெழுத்து அநேகமாக இருக்காது. ராஜு மரபில் வந்த சி. கொண்டையராஜு (1898–1976) நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதியவர். கோவில்பட்டியில் தங்கிக் காலண்டர் தெய்வங்களை வரைந்தார். பலகைப் படத்தின் உருண்ட கன்னம் அவற்றிலும் தெரிகிறது என்பது என் எண்ணம்.

சட்டம் மாற்றக் கொடுக்கும்போது பின்பலகையை எறிய விடாதீர்கள். வாங்கிய தாத்தாவின் பெயரோ, சீராக வந்த ஊரோ அதில் எழுதியிருக்கலாம். முதலில் அதைப் படமெடுத்து வையுங்கள்.