கதைப்பலகை: யார் யோசிக்கிறார்கள், யார் வரைகிறார்கள்?

குறும்பட நண்பர்கள் நடத்திய ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்திருந்தேன். வகுப்பெடுத்தவர் இளைஞர், விஷயம் தெரிந்தவர். "படத்தைக் காகிதத்திலேயே முடிச்சிடணும். அப்புறம் எடுக்கிறது வெறும் வேலைதான்" என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். பழக்கதோஷம், நானும் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டியபோது 'வெறும்' என்ற சொல் உறுத்தியது. யாருடைய வேலை வெறும் வேலை ஆகிறது? யார் அதை அப்படி ஆக்குகிறார்கள்? இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லோடு போடும் சண்டை, அவ்வளவுதான்.

ஸ்டோரிபோர்டு என்பது எடுக்கப்போகும் படத்தின் ஷாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டம் கட்டி வரைந்து வைப்பது. கட்டத்துக்குக் கீழே வசனம், செயல். கேமரா நகர்ந்தால் ஓர் அம்புக்குறி. அந்தச் சித்திரங்களை வரிசையாகப் படம்பிடித்து, ஒவ்வொன்றையும் இத்தனை வினாடி என்று நிறுத்தி, தற்காலிகக் குரலும் இசையும் சேர்த்தால் அது அனிமேட்டிக். முன்னது இடத்தைக் கட்டுகிறது, பின்னது காலத்தைக் கட்டுகிறது.

தமிழில் சிலர் இதைக் கதைப்பலகை என்கிறார்கள். நல்ல சொல். பலகை என்றதும் சங்கப்பலகை ஞாபகம் வராமல் போகாது. தகுதியுள்ளவனுக்கு நீண்டு இடம் கொடுக்கும், அல்லாதவனைத் தள்ளிவிடும் என்று கதை. கொடுத்தவன் இறைவன் என்பதால் தகுதியை அளக்க அந்தப் பலகைக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சினிமாவின் பலகையைப் பற்றியாவது கேட்டுப் பார்க்கலாம்.

1

இதற்கு ஒரு பிறந்த வீடு உண்டு. 1930களின் தொடக்கத்தில் டிஸ்னி ஸ்டுடியோவில், சித்திரங்களைத் தனித்தனித் தாள்களில் வரைந்து சுவர்ப்பலகையில் குத்தி வைக்கும் பழக்கம் வந்தது. வெப் ஸ்மித் என்ற கதைக்காரர் பெயரை இதற்குச் சொல்வார்கள். 1933இன் 'மூன்று சின்னப் பன்றிக்குட்டிகள்' அந்த முறையில் உருவான தொடக்கப் படங்களில் ஒன்று. குத்தூசிதான் இங்கே முக்கியம். தாளைப் பிடுங்கலாம், இடம் மாற்றலாம், கிழித்துப் போடலாம். பக்கம் பக்கமாய் எழுதிய திரைக்கதையில் இது முடியாது. பத்துப் பேர் சுவருக்கு முன்னால் நின்று கதையோடு மல்லுக்கட்டலாம். ஆரம்பத்தில் பலகை ஒரு கூட்டு விமரிசனக் களமாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. 'ஸ்னோ ஒயிட்' (1937) தயாரானபோது யார் சொன்ன நகைச்சுவை எடுபட்டாலும் 5 டாலர் என்று வைத்திருந்தார்கள்.

ஆனால் அந்தப் பத்துப் பேர் யார்? 1938இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு நிறுவனம் அனுப்பிய பதில் இன்றும் இருக்கிறது. படத்தைத் திரைக்குத் தயாரிக்கும் படைப்பு வேலை முழுவதையும் இளைஞர்களே செய்கிறார்கள், பெண்களுக்கு உள்ள வேலை செல்லுலாய்டில் கோடு பிரதியெடுப்பதும் வண்ணம் நிரப்புவதும்தான் என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. பலகை முன்னால் ஆண்கள், மைமேசை முன்னால் பெண்கள். கதைப்பிரிவுக்குள் 1935இல் முதலாவதாக நுழைந்த பெண் பியாங்கா மஜோலி. அந்தக் கூட்டங்களில் அவர் பட்ட பாட்டை நதாலியா ஹோல்ட் 2019இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இது ஏதோ அந்தக் காலத்து ஆணாதிக்கம் என்று கடந்துபோய்விட முடியாது. 1911இல் டெய்லர் தொழிற்சாலைக்குச் சொன்ன தத்துவம் இதுதான். யோசிப்பதைத் தொழிலாளியிடமிருந்து பிடுங்கித் திட்ட அறையில் வை, செய்வதை மட்டும் அவனிடம் விடு. ஹாரி பிரேவர்மன் 1974இல் இதைத்தான் முதலாளிய உழைப்புப் பிரிவினையின் மையம் என்றார். ஸ்டோரிபோர்டு சித்திரத் தொழிலின் திட்ட அறை. அது இருப்பதால்தான் மற்றவர்கள் வரையும் சித்திரம் 'செயலாக்கம்' என்று பெயர் மாறுகிறது. பென்சில் சோதனைகளைப் போட்டுப் பார்த்துக் குறை சொல்லும் சின்ன அறைக்கு அங்கே வியர்வைப்பெட்டி என்று பெயர். பெயர் வைத்தவர்கள் வேடிக்கைக்குத்தான் வைத்தார்கள். 1941 மே 29 அன்று முந்நூறுக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அது வேடிக்கையாக இல்லை. ஊதிய ஏற்றத்தாழ்வும் திரையில் பெயர் வராததும் அவர்களுடைய குறைகளில் முக்கியமானவை. தொழிற்சங்கம் வென்றது. 1947இல் டிஸ்னி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய் வேலைநிறுத்தத்தின் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்ததாகச் சாட்சி சொன்னார்.

2

'படம் காகிதத்திலேயே முடிஞ்சுடும்' என்ற வாசகத்துக்குக் குலதெய்வம் ஹிட்ச்காக். என் படம் படப்பிடிப்புக்கு முன்பே முடிந்துவிடுகிறது, எடுப்பது எனக்குச் சலிப்பு என்பதைப் பல பேட்டிகளில் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார். நம்மூர் சினிமாக் கட்டுரைகளிலும் இது வேதவாக்கு. பில் க்ரோன் என்ற விமரிசகர் தயாரிப்பு ஆவணங்களைக் குடைந்து 2000இல் வெளியிட்ட நூல் வேறு கதை சொல்கிறது. தளத்தில் மாற்றியவை, தேடித் தேடி எடுத்தவை ஏராளம். 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் சோளக்காட்டில் விமானம் துரத்தும் காட்சிக்கான புகழ்பெற்ற ஸ்டோரிபோர்டு, காட்சியை எடுத்து முடித்தபிறகு விளம்பரத்துக்காக வரையப்பட்டது என்கிறார் க்ரோன். முதலில் படம், அப்புறம் 'முன்திட்டம்'. ஆசிரியன் என்ற பிம்பத்தை உற்பத்தி செய்யப் பலகை எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

'சைக்கோ'வின் (1960) குளியலறைக் காட்சிக்கு ஸ்டோரிபோர்டு வரைந்தவர் சால் பாஸ். காட்சியை இயக்கியதே நான்தான் என்று அவர் பின்னாளில் சொன்னார். அதில் நடித்த ஜேனட் லீ, இல்லை, ஹிட்ச்காக்தான் இயக்கினார் என்றார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது எனக்கு முக்கியமில்லை. வழக்கு நடந்த மொழியைக் கவனியுங்கள். வரைந்தவனா, இயக்கியவனா என்று இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவில்தான் சண்டை. ஒரு வாரம் அந்தச் சின்னக் குளியலறையில் தண்ணீருக்கும் லென்சுக்கும் நடுவில் நின்றவர்கள், நறுக்கி ஒட்டியவர், வாதத்துக்குள்ளேயே வரவில்லை. ஏனென்றால் அவர்கள் செய்தது 'வெறும் வேலை'.

காகிதம் புனிதப் பொருளானால் அடுத்து அது சரக்காகும். 1970களில் ஹொடரோவ்ஸ்கி எடுக்க முயன்று நின்றுபோன 'டூன்' படத்துக்கு மோபியஸ் வரைந்த ஸ்டோரிபோர்டுகள் அடங்கிய தொகுப்பின் ஒரு பிரதி, 2021 நவம்பரில் பாரிஸ் ஏலத்தில் 26 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. வாங்கிய கிரிப்டோ கூட்டம் அதை வெளியிடுவோம், அனிமேஷன் தொடர் எடுப்போம் என்று கிளம்பியது. புத்தகத்தை வாங்கினால் உரிமை வந்துவிடாது என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்களும் எடுக்காத ஒரு படத்தின் காகிதம் எடுத்த பல படங்களைவிட விலைபோவது எப்படி என்று கேட்கவில்லை.

3

இதையெல்லாம் புத்தகம் படித்து மட்டும் நான் சொல்லவில்லை. 1998 வாக்கில் இரண்டு வருஷம் சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்கள். பெட்டி வரும். உள்ளே ஸ்டோரிபோர்டு நகல், பாத்திரங்களின் மாதிரித் தாள், எந்த ஃபிரேமில் எது என்று குறித்த தாள், ஒலிநாடா. யோசனை எல்லாம் கடல் தாண்டி முடிந்து வந்திருக்கும். எங்களுக்குக் கூலி அடிக்கணக்கில். ஒரு அடி பிலிம் என்றால் 16 ஃபிரேம், திரையில் மூன்றில் இரண்டு பங்கு வினாடி. திருத்தச் சொல்லித் திரும்பி வந்தால் அந்த வேலைக்குக் காசு கிடையாது.

ஒரு எபிசோடில் 'கீழைநாட்டு' கிராமம். வழக்கம்போல மகுடி, பாம்பு. ஒரு பெண் தலையில் தண்ணீர்ப் பானையோடு தலைதெறிக்க ஓடி வர வேண்டும். பலகையில் அப்படித்தான் இருந்தது. என் பக்கத்து மேசைப் பையன் ராமநாதபுரம் பக்கம். தண்ணீருக்கு நாலு மைல் நடக்கிற ஊர்.

"அண்ணே, தலையில குடத்த வச்சுக்கிட்டு இப்பிடி ஓட முடியாதுண்ணே. ஓடணும்னா இடுப்புக்கு எறக்கிருவாக. ஒரு கையி வீசி வரும், ஒடம்பு ஒருச்சாஞ்சு போகும். தண்ணி தளும்பும்ல."

பேசிக்கொண்டே வரைந்து காட்டினான். ஒருசாய்ந்த அந்த ஓட்டத்தில் அவன் அம்மா இருந்தாள், அக்கா இருந்தாள். அந்தத் தொடரில் உயிருள்ள முப்பது அடி அதுதான். மூன்று வாரம் கழித்துச் சிவப்பு மையில் திரும்பி வந்தது. இரண்டே சொல், 'ஃபாலோ போர்டு'. பலகையைப் பின்பற்று. பையன் மறுபடி தலையில் ஏற்றினான். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. முப்பது அடிக்கும் கூலி போச்சு.

அந்தப் பலகையை வரைந்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் கெடு இருந்திருக்கும், அவரும் யாரிடமோ திட்டு வாங்கியிருப்பார். குடத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது, அது குற்றமுமில்லை. தெரிந்தவன் சொன்னால் ஏறுவதற்குப் பலகையில் வழியில்லை என்பதுதான் குற்றம். அம்புக்குறி ஒரே திசையில்தான் போகும்.

4

வேறு மாதிரி முடியாதா? முடிந்திருக்கிறது, கொஞ்சநாள். ஜப்பானில் டோயெய் ஸ்டுடியோவில் 1968இல் வெளிவந்த 'சூரிய இளவரசன் ஹோருஸ்' படத்தைச் சொல்கிறேன். இயக்கியவர் இசாவோ தகாஹாத்தா, அவருக்கு அது முதல் முழுநீளப் படம். தொழிற்சங்கத்தில் துணைத்தலைவராக இருந்தவர். 1964இல் சங்கத்தின் செயலாளராக இருந்த ஹயாவோ மியாசாகி காட்சி வடிவமைப்பில். தகாஹாத்தா இயக்கினால்தான் நான் வருவேன் என்று நின்றவர் அனிமேஷன் இயக்குநர் யசுவோ ஓட்சுகா. கதை, பாத்திரம், காட்சி எல்லாவற்றிலும் படிநிலை பார்க்காமல் எல்லோரிடமும் யோசனை கேட்டார்கள். தகாஹாத்தா சித்திரக்காரர் இல்லை என்பது இங்கே ஒரு சின்னத் தகவல் அல்ல. அவர் மனத்தில் இருப்பதைத் தாளில் இறக்க மற்றவர்களின் கை வேண்டும். கை வந்தால் கூடவே வாயும் வரும். பலகை பேச்சாக மாறியே தீர வேண்டும். கிராமம் ஒன்றுபட்டுத் தீயசக்தியை எதிர்ப்பதுதான் படத்தின் கதை என்பது தற்செயல் இல்லை.

கூட்டு என்றதும் உருகிவிடவும் வேண்டாம். காலம் நீண்டது, செலவு ஏறியது, நிறுவனம் கழுத்தைப் பிடித்தது. அந்தத் தழும்பு படத்திலேயே இருக்கிறது. ஓநாய்கள் கிராமத்தைத் தாக்கும் காட்சியும் எலிகள் தாக்கும் காட்சியும் அசையாச் சித்திரங்களாக நிற்கின்றன, கேமரா மட்டும் அவற்றின்மேல் நகர்கிறது. முழுப் படத்தின் நடுவில் திடீரென்று ஓர் அனிமேட்டிக்! காகிதத்தில் முடிந்துபோன படம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் அந்த நிமிடங்களைப் பார்க்கலாம். திட்டம் இருக்கிறது, கோணம் இருக்கிறது, இசை இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான், அந்த 'வெறும் வேலை'. அது இல்லாத இடத்தில்தான் அது என்னவென்று கண்ணுக்குத் தெரிகிறது.

படம் வசூலில் தோற்றது, தகாஹாத்தா தண்டிக்கப்பட்டார். 1971இல் அவரும் மியாசாகியும் டோயெயை விட்டு வெளியேறினார்கள். பிற்காலத்தில் மியாசாகி தன் படங்களின் ஸ்டோரிபோர்டைத் தானே வரைந்தார். பலகை முடியும் முன்பே தயாரிப்பு தொடங்கிவிடும், 'ஸ்பிரிட்டட் அவே' (2001) அப்படி உருவானதுதான். முடிவு திறந்திருக்கிறது, சரி. திறந்த கதவின் சாவி ஒருவர் கையில். சங்கச் செயலாளர் ஒற்றைக் கையின் மேதையாக ஆனதை நான் ஏளனம் செய்யவில்லை. அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் நாம் எதைக் கொண்டாடப் பழகியிருக்கிறோம் என்பதை அது காட்டுகிறது. மியாசாகியின் பலகைகள் கெட்டி அட்டைப் புத்தகங்களாகக் கிடைக்கின்றன. 'ஹோருஸ்' கூட்டங்களின் பேச்சுக்கு அப்படி விலை போட யாருமில்லை.

5

இன்று குத்தூசியும் போய்விட்டது. கணினியில் வரைகிற பலகைக்காரரிடம் ஒரு ஷாட்டுக்கு ஒன்றிரண்டு சித்திரம் என்பது போய், நடிப்பு, கேமரா நகர்வு, நேரக் கணக்கு எல்லாம் சேர்த்து அனிமேட்டிக்காகவே கேட்கிறார்கள். திட்ட அறையில் உட்கார்ந்திருந்தவர் தலையிலும் குடம் ஏறிவிட்டது. சொற்களைக் கொடுத்தால் சித்திரம் துப்பும் இயந்திரங்களின் முதல் இலக்குகளில் ஸ்டோரிபோர்டும் ஒன்று. அவை யார் கையிலிருந்து கற்றுக்கொண்டனவோ அவர்களுக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை. அந்த இயந்திரத்திடம் கீழைநாட்டுக் கிராமம் கேட்டுப் பார்த்தேன். முதல் சித்திரத்திலேயே ஒரு பெண், தலையில் பானை.

பட்டறை நண்பர்களுக்கு, சண்டைக்காகச் சொல்லவில்லை. ஸ்டோரிபோர்டு வரையுங்கள். காசில்லாதவனுக்கு அது அவசியம், எடுத்துப் பார்த்துத் தப்பு செய்ய நம்மிடம் பிலிமும் இல்லை, நாளும் இல்லை. ஆனால் அதை இயக்குநரின் பைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். படப்பிடிப்பு நடக்கிற இடத்தில், டீ குடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டுங்கள். லைட்மேன் பார்க்கட்டும், உங்கள் படத்தில் தண்ணீர் தூக்கப்போகிற அம்மா பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பரையும் மறக்காதீர்கள்.