பழைய குறிக்குப் புதிய பொருள்

கையின் பழக்கத்தை அறிவின் கணக்கில் சேர்க்க மறுப்போர் உண்டு. சிந்தையில் இருப்பதே கல்வி, விரலில் இருப்பது வெறும் வழக்கம் என்பது அன்னார் கருத்து. நாம் அதனை ஏற்பதில்லை. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எவரும் ஏற்கமாட்டார். குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ் ஒருவரிடம் ஒரு வசனத்தைச் சொல்லிப் பாருங்கள். அது முஸ்ஹபின் வலப்பக்கத்திலா இடப்பக்கத்திலா, மேல்வரியிலா கீழ்வரியிலா என்பதையும் சேர்த்தே அவருடைய மனம் காணும். பக்க அமைப்பு வேறான ஒரு பிரதியை அவர் கையில் தந்தால், ஓர் எழுத்தும் மாறாதிருந்தும் அவர் சற்றே தடுமாறுவார். அத்தடுமாற்றத்தை அறியாமை என்று சொல்லத் துணிவோர் யார்?

இந்த எண்ணத்தை நம்முள் எழுப்பியது ஏட்டுக் கல்வியன்று, வாணிகக் கணக்கு. நம் கம்பம் பள்ளத்தாக்கு வேளாண்மையோடு வணிகத்தாலும் வாழும் நிலம். போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் விலைபோகிறது. கம்பம் வட்டாரத்தின் திராட்சை வெளியூர்ச் சந்தைகளுக்குச் செல்கிறது. 1956-இல் உத்தமபாளையத்தில் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் பயின்றோர் பலர் இவ்வணிகங்களில் அமர்ந்திருக்கின்றனர். மாலையில் கடைவீதியில் நடந்தால், நாளேடும் பேரேடும் விரித்துக் கணக்கப்பிள்ளை அமர்ந்திருந்த இடத்தில் இன்று ஒரு கணிப்பொறி இருப்பதைக் காணலாம். அதன் திரையில் இருப்பது பெரும்பாலும் டேலி எனும் கணக்கு மென்பொருளே.

டேலி நம் நாட்டிலேயே பிறந்தது. தம் தொழிலுக்கேற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமையால் ஷ்யாம் சுந்தர் கோயங்கா தம் மகன் பரத் கோயங்காவைக் கொண்டு ஒன்றை உருவாக்கினார். 1986-இல் பெங்களூரில் அந்நிறுவனம் தோன்றியது. அக்காலத்துக் கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்கிற்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணை நினைவில் வைத்திருத்தல் வழக்கம். டேலியோ கணக்கின் பெயரையே எழுத விட்டது. பேரேட்டில் தலைப்பெழுதிப் பழகிய கணக்கருக்கு இது தம் மொழியில் பேசுவதுபோல் அமைந்தது. மேலும், அது சுட்டெலியைத் தேடவில்லை. விசைப்பலகையிலேயே முழுவேலையும் முடிந்தது. 2009-இல் வந்த டேலி ஈஆர்பி 9 பதினோராண்டுகள் கடைதோறும் ஆட்சி செய்தது. 2017 சூலை முதல் நாளில் சரக்கு சேவை வரி வந்து நாடு முழுவதும் கணக்கர்கள் திகைத்தபோதும், அவர்களுடைய விரல்கள் அறிந்த பாதை மாறவில்லை. புதிய சட்டத்தைப் பழைய வழியிலேயே நடந்து கற்றனர்.

2020 நவம்பரில், பெருந்தொற்றின் நடுவே, டேலி பிரைம் வெளிவந்தது. பெயர் மட்டுமன்று, முகப்பும் முறையும் மாறின. நெடுநாள் பயன்படுத்தியோரிடையே மனக்குறை எழுந்தது. அம்மனக்குறையை ‘முதியோர் புதுமையை வெறுக்கின்றனர்’ என்ற ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவது எளிது. அது நீதியன்று. என்ன மாறியது என்பதை முதலில் பொருள்பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

நல்லவற்றை முதலில் சொல்வது முறை. பழைய கணக்குகள் புதிய மென்பொருளிலும் திறந்தன. எஃப் 4 முதல் எஃப் 9 வரையிலான ஆறு விசைகளும், அதாவது பணம் வங்கி மாற்றம், செலுத்தல், பெறுதல், குறிப்பேட்டுப் பதிவு, விற்பனை, கொள்முதல் என்பன, இருந்த இடத்திலேயே இருக்கின்றன. புதிதாக வந்த ‘கோ டூ’ என்னும் வசதி மெய்யாகவே பயனுடையது. ஒரு பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போதே, அதனை விட்டு வெளியேறாமல், ஆல்ட்டும் ஜீயும் அழுத்தி வேறோர் அறிக்கையைப் பார்த்துத் திரும்பலாம். முன்னர் பாதிப் பதிவில் ஒருவருடைய நிலுவையைக் காண விரும்பியவர் பட்ட தொல்லையை நினைத்தால், இதனைப் பாராட்டாமல் இருக்க இயலாது. புதிதாகக் கணக்குப் பயிலும் இளைஞனுக்கு இம்முகப்பு எளிதென்பதும் உண்மை.

அப்படியாயின் குறை எங்கே? பழைய முகப்பில் புதிய கணக்கொன்றைத் தொடங்க ஏ, எல், சி என மூன்று எழுத்துகளை அழுத்தினால் போதும். கணக்கர்கள் இதனை எண்ணி அழுத்துவதில்லை, மூச்சுவிடுவதுபோல் அழுத்துவர். அங்கே ஏ என்பது ‘கணக்குகள் பற்றிய விவரம்’ என்னும் வாயிலைத் திறந்தது. புதிய முகப்பிலும் ஏ இருக்கிறது. ஆனால் அது திறப்பது ‘திருத்து’ என்னும் வாயிலை. புதிதாக ஒன்றைத் தொடங்க நினைத்தவர் இருப்பதைத் திருத்தும் இடத்திற்குப் போய்ச் சேர்கிறார்.

இன்னொன்று காண்போம். விற்ற சரக்கு பழுதென்று திரும்பி வந்தால், கிரெடிட் நோட் எனப்படும் வரவுக் குறிப்பு எழுதவேண்டும். விற்பனைக்கு எஃப் 8. அவ்விற்பனை திரும்பினால் கண்ட்ரோலோடு எஃப் 8 என்பது பழைய ஏற்பாடு. கொள்முதலுக்கு எஃப் 9; அது திரும்பினால் கண்ட்ரோலோடு எஃப் 9. செயலும் அதன் மீட்சியும் ஒரே விசையில் அண்ணன் தம்பிபோல் இருந்தன. இதில் ஓர் இலக்கண ஒழுங்கு இருந்தது. இப்பொழுது வரவுக் குறிப்பு ஆல்ட்டோடு எஃப் 6 ஆயிற்று. பற்றுக் குறிப்பு ஆல்ட்டோடு எஃப் 5 ஆயிற்று. அதனோடு நின்றதா எனில், இல்லை. கண்ட்ரோல் எஃப் 8 இப்பொழுது விற்பனை ஆணையைக் குறிக்கிறது. பழைய முறையில் விற்பனை ஆணைக்கு இருந்த ஆல்ட் எஃப் 5 இப்பொழுது பற்றுக் குறிப்பைத் திறக்கிறது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க உதவிய எஃப் 1 உதவிக் குறிப்பாயிற்று. விண்டோஸ் உலகில் எஃப் 1 உதவியைக் குறிப்பதும், ஆல்ட் எஃப் 4 சாளரத்தை மூடுவதும் பொதுவழக்காதலால், உலகவழக்கோடு ஒத்துப்போதல் என்ற நியாயம் சில மாற்றங்களுக்கு உண்டு என ஒப்புக்கொள்ளலாம். எல்லாவற்றிற்கும் அது பொருந்தாது.

இங்கேதான் நம் கருத்து நிற்கிறது. இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பது வேறு. இருந்த ஒன்றை நீக்குவது வேறு. இருந்த குறியை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு வேறு பொருள் ஏற்றுவதோ மூன்றாவது வகை. மூன்றிலும் கொடியது அதுவே. விசை வேலை செய்யாவிட்டால் கணக்கர் நின்று யோசிப்பார். விசை வேலை செய்து வேறொன்றைச் செய்தால், அவர் தம் கையையே ஐயுறத் தொடங்குவார். இருபதாண்டு தொழில் செய்தவர் தம் கையை ஐயுறுவதைக் காட்டிலும் பெரிய இழப்பு அவருக்கு வேறில்லை. முதலாளியின் கண்ணுக்கு அவர் மெதுவானவராகத் தோன்றுவார். இரண்டு மாதம் பயின்று வந்த இளைஞன் விரைவானவனாகத் தோன்றுவான். ஐந்தொகையில் எங்கே பிழையிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அவருடைய அறிவு அத்திரையில் தெரிவதில்லை.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே உணர்ந்திருந்தனர் என்பதற்கு அரபு எழுத்தின் வரலாறே சான்று. தொடக்கத்தில் முஸ்ஹபு புள்ளியும் உயிர்க்குறியும் இன்றி எழுதப்பட்டது. அரபியரல்லாதார் ஓதத் தொடங்கியபோது பிழைகள் நேர்ந்தன. ஹிஜ்ரி 69-இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் உயிரோசைகளைக் காட்டப் புள்ளிகள் இட்டார் என்பர். மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு புள்ளி என்றவாறு, மூல எழுத்தின் மையினின்று வேறுபட்ட நிறத்தில் அவை இடப்பட்டன. மூல எழுத்தை அவர் தொடவில்லை. பழையவர் நிறப்புள்ளிகளைக் கடந்து ஓதலாம். புதியவர் அவற்றைப் பற்றிக்கொண்டு ஓதலாம்.

பின்னர் பா, தா, ஸா போன்ற ஒரே வடிவ எழுத்துகளைப் பிரித்துக் காட்டவும் புள்ளிகள் தேவையாயின. அப்பணியை நஸ்ர் இப்னு ஆஸிம் முதலானோர் செய்தனர் என்பது மரபு. இப்பொழுது ஓர் இக்கட்டு நேர்ந்தது. எழுத்தைப் பிரிப்பதும் புள்ளி. உயிரோசையைக் காட்டுவதும் புள்ளி. ஒரே குறிக்கு இரு பொருள். நிறம் ஒன்றே வேறுபாடு. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் அவர்கள் இதனைத் தீர்த்த விதம் போற்றத்தக்கது. புள்ளியை எழுத்துக்கே விட்டுவிட்டு, உயிரோசைக்குப் புதிய வடிவங்களைப் படைத்தார். உகர ஓசைக்குச் சிறிய வாவ்; அகர ஓசைக்குச் சாய்ந்த சிறு அலிஃப். அவ்வோசையை எழுப்பும் எழுத்தின் சாயலே குறியாயிற்று. ஆதலின் கற்பதும் எளிதாயிற்று. இன்று நம் குழந்தைகள் மக்தபில் ஓதுவது அம்முறையில்தான். புதிய தேவைக்குப் புதிய குறி என்பதே அப்பேரறிஞர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.

மாற்றத்தை நாம் வெறுப்பவரல்லர் என்பதற்குத் தமிழிலும் ஓர் எடுத்துக்காட்டு தருவோம். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தபோது நாம் தொடக்கப்பள்ளி மாணவர். துதிக்கை தூக்கிய யானைபோல் முன்னே கொம்பு வளைந்திருந்த லை, ளை, னை, ணை என்பன நேரான வடிவம் பெற்றன. சுழியோடு சேர்ந்திருந்த ணா, றா, னா என்பன பிரிந்து நின்றன. வீட்டில் பெரியோர் முணுமுணுத்தனர். ஆயினும் சில திங்களில் அம்முணுமுணுப்பு அடங்கிற்று. ஏன்? புதிய வடிவங்கள் ஏற்கெனவே மற்ற எழுத்துகளில் வழங்கிய குறிகளாலேயே ஆனவை. எந்தப் பழைய வடிவமும் வேறோர் எழுத்தைக் குறிக்கும்படி மாற்றப்படவில்லை. ஆதலின் பழைய நூலைப் புதியவனும், புதிய நூலைப் பழையவரும் ஓத முடிந்தது. இன்றும் நம் அலமாரியில் இரு வகை நூல்களும் அருகருகே இருக்கின்றன.

மென்பொருள் உலகிலும் இவ்விரு வழிகளுக்கும் சான்றுகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆஃபீஸில் பழைய பட்டியல்களை அகற்றி, ரிப்பன் என்னும் பட்டையை வைத்தது. பழகியோர் பெரிதும் வருந்தினர். எனினும், பழைய பட்டியல்களைத் திறந்த ஆல்ட் விசைக் கோவைகள் பலவற்றை அந்நிறுவனம் மறைவாக உயிரோடு வைத்திருந்தது. கண்ணுக்குப் பாதை மறைந்தது, விரலுக்கு மறையவில்லை. அதே நிறுவனம் 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வெளியிட்டபோது, 1995 முதல் மக்கள் அறிந்திருந்த ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டது. ஓராண்டிற்குள், 2013 அக்டோபரில், பொத்தான் திரும்பிற்று. பட்டியலோ 2015-இல் விண்டோஸ் 10 உடன்தான் முழுமையாகத் திரும்பியது. பழகியோர் குறை சொன்னது பிடிவாதம் அன்று என்பதை அந்நிறுவனமே தன் செயலால் ஒப்புக்கொண்டது.

டேலி பிரைமைப் பற்றி நம் தீர்ப்பு யாதெனில்: ஆறு முதன்மை விசைகளைக் காத்ததில் அது அபுல் அஸ்வத் அவர்களின் நெறியில் நின்றது. ‘கோ டூ’ என்ற புதிய வசதியைப் புதிய விசையில் சேர்த்ததில் கலீல் அவர்களின் நெறியில் நின்றது. பழைய விசைகளுக்கு வேறு பொருள் ஏற்றியதில் இருவர் நெறியையும் கைவிட்டது. பழைய விசையையும் புதிய விசையையும் எதிரெதிரே காட்டும் பட்டியலை நிறுவனம் வெளியிட்டதை நாம் மறக்கவில்லை. ஆயினும் பட்டியல் கண்ணுக்கு உதவும். விரல் பட்டியல் படிப்பதில்லை. ‘பழைய விசைகளே வேண்டும்’ என்போர்க்கு அவற்றை வைத்துக்கொள்ளும் ஒரு தெரிவைத் தந்திருந்தால், புதியவர்க்கு யாதொரு குறையும் நேர்ந்திராது. பழையவர் தம் காலத்தில், தம் விருப்பில், மெல்ல மாறியிருப்பர்.

நம் குற்றத்தையும் சொல்லிவிடுவோம். சில ஆண்டுகட்கு முன் நம் கைப்பேசியில் இருந்த ஓர் ஓதல் செயலி (பெயர் வேண்டா) ஒரே இரவில் பக்க அமைப்பை விட்டு, வசனங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தந்தது. நாம் சினந்தோம், அதனை நீக்கினோம், பழைய அச்சு முஸ்ஹபுக்கே திரும்பினோம். அச்சினத்தின் வேகத்தில், புதிய அமைப்பில் சொல்லுக்குச் சொல் பொருள் காட்டும் நல்ல வசதி ஒன்றிருந்ததை நாம் பார்க்கவே இல்லை. நம் மாணவன் ஒருவன் பல திங்கள் கழித்துக் காட்டியபின் வெட்கினோம். மனக்குறைக்கு நியாயம் உண்டு. அந்நியாயம் கண்ணை மூடிக்கொள்ள உரிமை தருவதில்லை.

ஆகவே வாசக அன்பர்களுக்கு ஒரு சொல். உங்கள் கடையில் கணக்கெழுதும் மூத்தவர் புதிய திரைமுன் தயங்கினால், அவரை அவசரப்படுத்தாதீர்கள். இளைஞரை அருகமர்த்தி, விசைகளை அவர் சொல்லிக்கொடுக்கட்டும். கணக்கை மூத்தவர் அவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஆசிரியன் யார், மாணவன் யார் என்ற வரிசை அங்கே நாள்தோறும் மாறிமாறி வரும். அதில் இருவர்க்கும் இழிவில்லை. மென்பொருள் படைப்போர் காக்கத் தவறிய மரியாதையை, பயன்படுத்தும் இடத்திலேனும் நாம் காக்கலாம்.