ஞாயிற்றின் அகமும் அறிஞர் கணக்கும்

ஞாயிற்றின் நடுவிடத்தைக் கண்டார் எவருமிலர். அங்குள்ள வெப்பம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பாகை என்பது கணக்கால் அறியப்பட்டதேயன்றிக் கருவியால் அளக்கப்பட்டதன்று. ஞாயிற்றின் நிறை, வயது, ஒளியளவு, மேற்பரப்பிலுள்ள தனிமங்களின் விகிதம் ஆகியவற்றைக் கொண்டு அறிஞர் அமைத்த அக்கணக்கு எத்துணை நம்பத்தக்கது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற் சோதனை நியூட்ரினோ என்னும் நுண்துகளால் வந்தது. ஞாயிற்றின் நடுவில் பிறக்கும் இத்துகள் தடையின்றி வெளியேறிப் பூமியை அடைகிறது. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் ரேமண்ட் டேவிஸ் இதனை எண்ண முற்பட்டு, 1968இல் முதல் முடிவை வெளியிட்டார். ஜான் பாக்கால் கணித்த தொகையில் மூன்றிலொரு பங்கே ஈற்றில் தேறியது. கணக்குப் பிழை என்றனர் சிலர். எண்ணியது பிழை என்றனர் வேறு சிலர். இரண்டும் பிழையல்ல. நியூட்ரினோ வரும் வழியில் வகை மாறுகிறது என்பதைக் கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002ஆம் ஆண்டுகளில் நிறுவியது. எல்லா வகையையும் கூட்டியபோது கணக்கு ஒத்தது.

இவ்வெற்றி கொண்டு, கணக்கு முற்றும் மெய்யெனத் துணிதல் சாலாது. ஞாயிற்றின் மேற்பரப்பு ஐந்து நிமிடத்திற்கொருமுறை ஏறியிறங்குவதை ராபர்ட் லெய்ட்டனும் உடனாய்ந்தோரும் 1962இல் விளக்கினர். அத்துடிப்பினின்று, கொதித்துப் புரளும் வெளியடுக்கின் அடித்தளம் மையத்திலிருந்து ஆரத்தில் 0.713 பங்குத் தொலைவில் உள்ளதென்று பின்னர்த் தெரிந்தது. பழைய கணக்கும் ஏறக்குறைய அதனையே கூறிற்று. ஆயின் மார்ட்டின் ஆஸ்ப்ளண்டும் உடனாய்ந்தோரும் ஒளிப்பட்டையைத் திருத்தமாக ஆய்ந்து, கார்பன், ஆக்சிஜன் முதலியன முன்னர்க் கருதியதினும் குறைவென்று 2009இல் உரைத்தனர். இவை குறையின் ஒளியைத் தடுக்கும் ஆற்றலும் குறையும். கணக்கில் அவ்வடித்தளம் 0.72ஐக் கடந்து வெளியே நகரும். அளவை திருந்தியது, பொருத்தம் கெட்டது!

அங்ஙனமாயின் பழைய பொருத்தம் இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்ததால் வந்ததோ என்னும் ஐயம் எழுகிறது. அவ்வையம் வீணன்று. இரும்பு ஒளியைத் தடுக்கும் ஆற்றல் கணித்ததினும் மிகுதி என 2015இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்துச் சோதனை காட்டிற்று. 2022இலோ, மற்றொரு குழுவினர் தனிம அளவு பழையதை ஒட்டியதே என்றனர். வழக்கு இன்னும் முடிந்திலது.

கணக்கோடு பொருந்துகிறது என்பதற்காகவே ஓர் அளவையை ஏற்பது, தேர்வெழுதியவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பதை ஒக்கும். டேவிஸ் எண்ணியதைக் கணக்கிற்காகத் திருத்தாமையினாலேயே நியூட்ரினோவின் இயல்பு வெளிப்பட்டது என்பது மறக்கற்பாலதன்று.