இடித்த சுவரும் அடைக்கும் கதவும்

எங்கள் ஊர்க் கோவிலைப் புதுப்பிக்கப் பங்குப் பேரவை கூடியபோது, வரைபடத்தைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் எழுதுவது மென்பொருள் என்று சொல்லிப் பார்த்தேன். ஊருக்கு எல்லா எஞ்சினியரும் ஒன்றுதான். வரைபடத்தில் வடக்குப் பக்கவாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "அந்த வழியா இப்ப யாருடே வாறா? ஏசி போட்டா குளிர் நிக்காது" என்றார் பெரியப்பா. முன்பு யார் அந்த வழியாக வந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும்தான். எங்கள் குடும்பம் முன்வாசல் வழியாக வந்த குடும்பம்.

அன்றிரவு ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' நூலை மறுபடி எடுத்தேன். நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தின் கதை அதில் இருக்கிறது. 1870-களில் அங்கே எழுந்த கோவிலுக்கு இரண்டு கூடங்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார் முதலான பிறர். இரண்டும் ஒரே பீடத்தில் போய்ச் சேரும். அந்த வடிவத்தால் 'கால்சட்டைக் கோவில்' என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு.

என் தொழில் கண்ணால் பார்த்தால் இது வெற்றிகரமான வடிவமைப்பு. பூசை ஒன்று, பீடம் ஒன்று, யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. கேட்டவர்கள் கேட்டதைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. சண்டையைத் தீர்க்காமல் அதற்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுத்த கட்டடம் அது.

1910-இல் சாமியார்கள் அந்தத் தடுப்பை இடித்தார்கள். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம்வரை நடந்த வழக்கில், கோவிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்கும் உரிமை நிலைக்கவில்லை.

'பழமை மாறாமல் புதுப்பித்தல்' என்ற சொற்றொடர் மீதான என் சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது. எந்தப் பழமை? வடக்கன்குளத்தை 1870-களுக்குக் கொண்டுபோனால் தடுப்பையும் திரும்பக் கட்ட வேண்டும். அதை யாரும் ஏற்க மாட்டார்கள். அப்படியென்றால் ஒவ்வொரு புதுப்பித்தலும் எந்த வருடத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்கிறது. சுண்ணாம்பு, தேக்கு, ஓடு பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் அந்த முடிவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நீக்குவது தவறில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரில் 'பிள்ளை' இல்லை. சாதிப் பெயரை எடுக்கச் சொல்லிப் பலர் கேட்ட பிறகு நடந்தது அது. அந்தப் பெயரும் வடக்கன்குளத்துத் தடுப்பும் எல்லோரும் பார்க்க, வாதாடி நீக்கப்பட்டவை. எங்கள் பக்கவாசல் அப்படியில்லை. அது குளிர்சாதனத்தின் பெயரால் சத்தமில்லாமல் மறையப்போகிறது. மென்பொருளில் பழைய வரிகளை அழிக்கிறோம். யார், எப்போது, ஏன் அழித்தார்கள் என்ற பதிவை அழிப்பதில்லை. அழித்தால் அதே பிழை வேறு பெயரில் திரும்பி வரும்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்ல, வாசல் நிலையையாவது தெரிகிறபடி விடுவோம் என்று ஒரு குறிப்பு தயாரித்தேன். போகும் வழியில் வடக்குத் தெரு அக்கா ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் அம்மா அந்த வாசல் வழியாக வந்தவர். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. கதவ வச்சாலும் சரி, அடச்சாலும் சரி. பேரவையில எங்க தெருவுக்கு ரெண்டு பேரு வேணும், அத எழுதுனியா?"

எழுதவில்லை. வரைபடத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை எண்ணிப் பார்க்கவில்லை. குறிப்பின் முதல் வரியாக அதைச் சேர்த்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.