சர்க்கரைக் கட்டிகளால் ஒரு மைதானம்

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் இயக்கத்தில் 1938-ம் ஆண்டு வெளிவந்த 'தி லேடி வானிஷஸ்' என்னும் பிரிட்டிஷ் படத்தை, ஓடும் ரயிலில் மூதாட்டி ஒருத்தி மாயமாய் மறைந்துபோகும் ஒற்றர் கதையென்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கிரிக்கெட்டைப் பற்றியே சதா எழுதிக்கொண்டிருக்கும் எனக்கோ, மான்செஸ்டர் டெஸ்ட் பந்தயம் முடிவதற்குள் ஊர்போய்ச் சேர வேண்டுமே என்று தவிக்கும் சார்ட்டர்ஸ், கால்டிகாட் என்ற இரு ரஸிகர்களின் கதையாகவே அது நெஞ்சில் நிற்கிறது. எதெல் லினா ஒயிட்டின் மூலநாவலில் இவர்கள் இல்லை. திரைக்கதை எழுதிய லாண்டரும் கில்லியட்டும் சிருஷ்டித்துச் சேர்த்தவர்கள்.

ரயிலின் உணவுப் பெட்டியில், பழைய ஆட்டமொன்றின் சர்ச்சையை விளக்குவதற்காக, சார்ட்டர்ஸாக வரும் பேசில் ராட்ஃபோர்ட் கிண்ணத்துச் சர்க்கரைக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பந்து வீசுபவர் இங்கே, நடுவர் அங்கே என்று மேஜைமேல் நிறுத்திக்கொண்டிருக்கும் வேளையில், பக்கத்து மேஜையிலிருந்து மிஸ் ஃப்ராய் என்னும் அந்த மூதாட்டி சர்க்கரை கேட்கிறாள். அரும்பாடுபட்டு அமைத்த மைதானத்தைத் தம் கையாலேயே கலைத்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கிறபோது அவர் முகத்தில் படரும் வேதனை இருக்கிறதே, அதில் துளியும் கோமாளித்தனம் கிடையாது. விளையாட்டை உயிராய் நேசிப்பவனுடைய வேதனை அது. அந்த நேர்மையினால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

பின்னர், மூதாட்டியைக் கண்டீர்களா என்று இளம்பெண் ஐரிஸ் கேட்கையில், விசாரணை என்று ரயிலை நிறுத்திவிட்டால் பந்தயம் கைநழுவிப்போகுமே என்ற அச்சத்தால் இருவரும் மழுப்பிவிடுகிறார்கள். இது பெரும் பிழைதான். ஆயினும் இவர்களைத் துஷ்டர்களென்று வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், அபாயம் நேரே வந்து நிற்கும்போது, கையில் குண்டு பட்டு இரத்தம் கசிகின்ற நிலையிலும் ராட்ஃபோர்ட் குரலை உயர்த்துவதில்லை. கால்டிகாட்டாக வரும் நான்டன் வெய்னோ, துப்பாக்கியை ஏந்தி அமைதியாகக் குறி பார்க்கிறார். விக்கெட்டுகள் மளமளவென்று சரியும் வேளையில் மறுமுனையில் நின்று ஆடுகிறவரின் நிதானம் அது.

கடைசியில் லண்டன் விக்டோரியா நிலையத்தில் இறங்கியவர்களின் கண்ணில் படுவது, வெள்ளத்தால் பந்தயம் கைவிடப்பட்டது என்னும் பத்திரிகைச் சுவரொட்டி. அதே 1938 ஜூலையில், மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதவிருந்த மூன்றாவது டெஸ்ட், ஒரு பந்துகூட வீசப்படாமல் மழையில் கரைந்துபோயிற்று. அந்நாட்களில் மைதானத்து வாசல்வரை வந்து திரும்பிய ரஸிகர்களின் முகங்களும், சுவரொட்டிமுன் நின்ற அவ்விருவரின் முகங்களைப் போலவே இருந்திருக்கும்.